நுனி வெட்டுன முப்பது கன்னு

சரளாவைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தரணுமாம். ஈப்போவுல எங்க புந்தோங் கோயில் மாதர் பிரிவுல இந்த வருஷம் உழைக்கிற பொம்பளைங்க அஞ்சு பேருக்குப் பொன்னாடை போத்தி, ஆண்டு மலர்ல அவங்க வாழ்க்கைக் குறிப்பும் போடுறாங்க. தலைவி நல்லம்மாள் அக்கா போன வெள்ளிக்கிழமை ஒரு தாளைக் கொண்டாந்து என் கையில திணிச்சாங்க. பேரு, பொறந்த எடம், செய்யற வேலை, வாழ்க்கை, நற்குணம். "நீதானே புஷ்பா அவளுக்கு ஓரகத்தி? அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு, ஒரே நர்சரியில பதினோரு வருஷமா வேலை செய்யறீங்க. ஒன்னைவிட யாருக்குத் தெரியும்?"ன்னாங்க.

அடக் கடவுளே! ஊர்ல இத்தனை பேரு இருக்க என்னையா கேக்கணும்?

முதல்லயே சொல்லிடறேன். எனக்கு அவமேல பொறாமை. நேத்து இன்னிக்கு வந்ததில்ல, அவ இந்த வீட்டுக்குள்ள வலது காலை வச்ச நாள்லேருந்து இருக்கு. மூடி மறைச்சு எனக்குப் பழக்கமில்ல. வயிறு எரிஞ்சா எரியுதுன்னு சொல்லிடுவேன்.

பேரு சரளா. பொறந்த எடம், சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு பால்மரத் தோட்டம், அதான் ரப்பர் தோட்டம். இப்ப அங்க தோட்டமும் இல்ல, ஆளுங்க குடியிருந்த லயமும் இல்ல, டபுள் ஸ்டோரி வீடு கட்டி வித்துட்டாங்க. அப்பா அம்மா ரெண்டு பேருமே பால்மரம் வெட்டினவங்க. மூணாம் பாரத்தோட படிப்பை நிறுத்திட்டு தோட்டத்துலயே களை வெட்டற வெளிக்காட்டு வேலைக்குப் போனா. தோட்டத்தை மூடினதும் கமுந்திங்ல கையுறை ஃபேக்டரிக்குப் போயி அஞ்சு வருஷம். அப்புறம் என் வீட்டுக்காரர் தம்பி யுகேந்திரனைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தா. ஒரே மகன் ஷர்வின், சிங்கப்பூர்ல வேலை. நானும் தோட்டத்துக்காரிதான், தெலுக் இந்தான் பக்கம். ஆனா நான் அஞ்சாம் பாரம் பாஸ் பண்ணவ. அதை யாராவது நெனவு வச்சிருக்காங்களா? இல்ல.

அவகிட்ட என்ன இருக்குன்னா, கை ராசி. அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. கறிவேப்பிலைக் குச்சியை ஒடிச்சு டின்னுல நட்டா மூணாம் வாரம் தழைச்சு நிக்கும். புந்தோங்ல யாரு வீட்டுல புதுசா முருங்கை வைக்கணும்னாலும், "சரளாவை ஒரு எட்டு வந்து நட்டுட்டுப் போகச் சொல்லு"ம்பாங்க. என் வீட்டு வாசல்ல நான் வச்ச கறிவேப்பிலை ஆறு தடவை செத்துச்சு. ஏழாவது தடவை அவ வந்து வச்சா. இன்னிக்கு வரைக்கும் நான் அதுலேருந்துதான் தாளிக்கிறேன். ஒவ்வொரு தடவை கிள்ளும்போதும் எனக்கு எப்படி இருக்கும்னு நெனைக்கிறீங்க?

இது கூடப் பரவாயில்ல. போன வருஷம் என் மகள் புனிதா கல்யாணத்துல நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்ல. எங்க வீட்டு வழக்கம், அஞ்சு சுமங்கலிங்க ஆளுக்கு ஒரு சட்டியில மண்ணு போட்டு, பால்ல ஊறுன நவதானியத்தைத் தெளிச்சு, கல்யாண வீட்டுலயே வச்சு, கல்யாணம் வரைக்கும் தண்ணி ஊத்தி முளைக்க வைக்கணும். அதுதான் முளைப்பாலிகை. முளை நல்லா வந்தா பொண்ணு வாழ்க்கை நல்லா வரும்பாங்க. அஞ்சு சட்டியில சரளா சட்டி காடு மாதிரி எழும்பிச்சு. மத்த மூணும் சுமாரா வந்துச்சு. பொண்ணைப் பெத்தவ நான், என் சட்டி மட்டும் அழுகி, மேல வெள்ளையா பூஞ்சை பூத்துப் போச்சு. மேடையில அஞ்சையும் வரிசையா வச்சிருந்தாங்க. சம்பந்தி வீட்டு அம்மா குனிஞ்சு பார்த்துட்டு, சேலையை ஒதுக்கிக்கிட்டு நிமிர்ந்தாங்க. புதுப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, அந்தச் சட்டி முன்னாடி கால் மாத்தி கால் மாத்தி நின்னு மறைச்சுக்கிட்டே இருந்தேன்.

ஏதோ, புனிதா நல்லாத்தான் இருக்கா. ஆனா அந்த நாள்லேருந்து சரளா முகத்தைப் பார்த்தா எனக்கு அந்தச் சட்டிதான் தெரியும். முகத்தைப் பார்க்கற வேலை கொஞ்சம்தான். முதுகைத்தான் அதிகம் பார்க்கணும். அவளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும், எனக்குத் தெரியாது. நெதமும் காலையில அவ ஓட்ட, நான் பின்னாடி உக்காந்து, நர்சரிக்குப் போயி வரணும். "தோளைப் பிடிச்சுக்கோங்கக்கா"ம்பா. மாட்டேன். பின்னாடி இருக்கிற கம்பியைப் பிடிச்சுக்குவேன்.

நர்சரி சுங்கை சிப்புட் போற ரோட்டுல, பழைய தோட்டத்து நெலத்துல இருக்கு. டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், எல்லாம் ஒட்டுக் கட்டின கன்னு. தவுக்கே, அதான் எங்க சீன மொதலாளி, நல்ல மனுஷன், ஆனா வாய் மோசம். என் வீட்டுக்காரர் சதாசிவம்தான் அங்க பத்தொன்பது வருஷமா லோரி டிரைவர்.

இப்ப நடந்ததுக்கு வாரேன்.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு மொத நாள், தெலுக் இந்தானுக்குப் போக நூத்தி எண்பது ஒட்டு டுரியான் கன்னு ஏத்தணும். வாங்குறவர் துரைசிங்கம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர். அங்க பழைய செம்பனையை அழிச்சுட்டு டுரியான் வைக்கப் போறாராம். எங்க லோரி வொர்க்‌ஷாப்ல கெடந்துச்சு. தவுக்கே மச்சினனோட காய்கறி லோரி ஒண்ணு, கேமரன் மலையிலேருந்து முட்டைக்கோஸ் ஏத்தி வர்ற குளிர் லோரி, சும்மா நின்னுச்சு. என் வீட்டுக்காரர் பெரிய மூளைக்காரரு இல்லையா, "தெறந்த லோரியில போனா வெயில்ல கன்னு வாடும். இதுல ஏர்கான் போட்ட மாதிரி குளுகுளுன்னு போவும்லா"ன்னாரு. தவுக்கேயும் தலையை ஆட்டிட்டான். எல்லாத்தையும் ஏத்திக் கதவைச் சாத்தியாச்சு.

மறுநாள் தைப்பூசம். புனிதா கல்யாணம் நல்லபடியா முடிஞ்சா காவடி எடுக்கறேன்னு அவரு வேண்டியிருந்தாரு. காவடி எடுத்துட்டு சாயங்காலம் தெலுக் இந்தானுக்குக் கெளம்பலாம்னு, விடியக்காலையில ஈப்போவுல அந்த மச்சினனோட காய்கறிக் கெடங்குல லோரியை நிறுத்திட்டு கோயிலுக்குப் போயிட்டாரு. கெடங்குல வேலை செய்யற பையனுக்கு என்ன தெரியும்? நிக்கிற குளிர் லோரிக்கெல்லாம் கரண்டு வயரைச் சொருகறது அவன் வேலை. பக்கத்துல நின்ன லோரியில மீனு. இதுலயும் மீனுதான்னு நெனச்சு அதே அளவுக்குத் திருப்பி வச்சுட்டான்.

எட்டு மணி நேரம். காவடியை எறக்கிட்டு, விபூதியும் சந்தனமுமா வந்து கதவைத் தெறந்திருக்காரு. வெள்ளையாக் குளிர்ப் புகை மூஞ்சியில அடிச்சிருக்கு. டுரியான் இலை எல்லாம் வெறைச்சு, தொட்டா அப்பளமா நொறுங்குதாம். தவுக்கேக்குப் போன் பண்ணி, லோரியை நேரா நர்சரிக்குக் கொண்டாந்துட்டாரு. நாங்க ரெண்டு பேரும் அலறி அடிச்சுக்கிட்டு போனோம்.

நான் பதறிப்போயி கன்னுங்களைத் தூக்கி வெயில்ல வச்சேன். குளிர்ல அடிபட்டதுக்கு வெயில்தானே மருந்து? சரளா ஓடி வந்தா. "வேணாம்க்கா, வெயில் வேணாம்! நெழலுக்குக் கொண்டு போங்க! மெதுவா எறங்கட்டும்!" அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் வச்ச பத்துக் கன்னும் வெந்த கீரை மாதிரி தொங்கிருச்சு. மத்ததைக் கறுப்பு வலை கட்டின கொட்டாய்க்குள்ள கொண்டு போனோம். அதுங்க இலையும் ரெண்டு நாள்ல கறுத்து உதிர்ந்துச்சு. மிச்சம் வெறும் குச்சி.

தவுக்கே வந்து பார்த்தான். "டுரியானை ஐஸ்கிரீம் ஆக்கிட்ட"ன்னான். சிரிப்பான்னு பார்த்தா சிரிக்கல. துரைசிங்கம் ஐயாவுக்குப் போன் போட்டான். அவரு மரியாதையான மனுஷன், கத்தல. "மூண்டு மாதம் பொறுக்கிறன். நூறு கண்டு உயிரோட வந்தால் நான் எடுக்கிறன். இல்லாட்டில் வேற இடத்தில வாங்குறன்"னு சொல்லிட்டாரு. தவுக்கே போனை வச்சுட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தான். "கேட்டியா? நூறு. நூறு இல்லன்னா லோரி சாவியை மேசையில வச்சுட்டுப் போயிரு."

அவருக்கு அம்பத்தி நாலு வயசு. சர்க்கரை வேற, கண்ணு மங்க ஆரம்பிச்சிருச்சு. வேற எவன் லோரியைக் குடுப்பான்? முருகன் காரியமா போன மனுஷனை நான் என்னன்னு திட்டறது? அவரு போயி, மரத்தடியில குந்திக்கிட்டு, நெத்தி விபூதியைத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. தொடைச்ச எடத்தையே தொடைச்சாரு.

தவுக்கே சரளாவைப் பார்த்து, "நீ பாரு, ஒன் கைதான் நல்ல கை"ன்னான். எல்லாத்தையும் அவகிட்ட விட்டுட்டு நான் ஒதுங்கி இருக்கணும். புத்தி உள்ளவ அதைத்தான் செஞ்சிருப்பா. நான் செஞ்சேனா? "பாதி என்கிட்ட குடுங்க தவுக்கே. போனது என் புருஷன் வேலை. நான் ரெண்டு வாரம் கோர்ஸ் போயி சர்ட்டிபிகேட் வாங்குனவ"ன்னு நெஞ்சை நிமிர்த்தினேன். என் புருஷன் வேலையை அவ காப்பாத்தி, சாகற வரைக்கும் அதையும் நான் சொமக்கணுமா? முடியாதுலா. ஆளுக்குத் தொண்ணூறு. நடுவுல பாதை, அந்தப் பக்கம் அவ வரிசை, இந்தப் பக்கம் என் வரிசை.

அந்த சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன். அந்தக் கோர்ஸ்ல பூச்சி சொன்னாங்க, வெள்ளம் சொன்னாங்க, வறட்சி சொன்னாங்க. ஒறைஞ்சு போன டுரியானைப் பத்தி ஒரு வரி சொல்லல. எங்க பேராக் பக்கம் பனி எங்க பெய்யுது? செத்த கெளையை வெட்டணும், பாஜா, அதான் உரம், போட்டுத் தெம்பு ஏத்தணும்னு பொதுவா சொன்னது நெனவு இருந்துச்சு. நல்ல கத்தியா எடுத்து, தொண்ணூறு கன்னுக்கும் கறுத்த நுனியைப் பளிச்சுன்னு வெட்டினேன். யூரியா பாஜாவை அள்ளிப் போட்டேன். காலையும் சாயங்காலமும் தண்ணி. என் வரிசை அப்பத்தான் முடி வெட்டிக் குளிப்பாட்டின புள்ளைங்க மாதிரி அழகா நின்னுச்சு.

அவ வரிசையைப் பார்க்கணுமே! ஒரு நுனியைக் கூட வெட்டல. கறுத்த குச்சி கறுத்த குச்சியாவே நிக்குது. பாஜா இல்ல. மண்ணை விரலால தொட்டுப் பார்த்து, காஞ்சிருந்தா மட்டும் ஒரு கை தண்ணி. மத்த நேரம் சும்மா நின்னு பார்க்கறா. "என்னடி இது, வேலை செய்ய அலுப்பா?"ன்னு கேட்டேன்.

"எது வரைக்கும் உயிரு இருக்குன்னு இப்ப தெரியாதுக்கா. அதுவே துளிர் விட்டுக் காட்டும். அப்புறம் வெட்டிக்கலாம். தோட்டத்துல லாலான் புல்லு தீ புடிச்சு சின்ன பால்மரம் வெந்துச்சுன்னா அப்படித்தான் விடுவோம். அடிபட்டது கெடக்கும்போது சோத்தைத் திணிச்சா எங்க திங்கும்?"

"ஒன் தோட்டத்துக் கதையை நீயே வச்சுக்க"ன்னுட்டேன்.

அஞ்சாவது வாரம். அவ வரிசையில ஒரு கன்னு, கறுத்த நுனிக்கு ஒரு சாண் கீழ, பட்டையில அரிசி அளவுக்கு ஒரு புடைப்பு. மறுநாள் மூணு. அதுக்கு மறுநாள் பத்து. என் வரிசையில ஒண்ணுமில்ல. நகத்தால பட்டையைச் சுரண்டினேன். உள்ள பச்சையா இருந்தா உயிரு, பழுப்பா இருந்தா போச்சு. பாதிக்கு மேல பழுப்பு. பாஜா வேரை எரிச்சிருச்சுன்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது.

ஒட்டுக் கன்னுல ஒரு விஷயம் இருக்கு. ஒட்டுக் கட்டின எடத்துக்கு மேல துளிர் வந்தாத்தான் அது நல்ல ஜாதி டுரியான். கீழ வந்தா வெறும் காட்டுக் கன்னு, யாரும் வாங்க மாட்டாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவ டீ குடிக்கப் போன நேரத்துல அவ வரிசையில குந்தி, ஒவ்வொரு கன்னா, முருகா, இது ஒட்டுக்குக் கீழ இருக்கணும், இது கீழ இருக்கணும்னு வேண்டிக்கிட்டே பார்த்தேன். அந்தத் துளிர் ஒவ்வொண்ணும் என் புருஷனோட வேலை! அது நல்லா தெரிஞ்சும் கும்பிட்டேன். என்னையெல்லாம் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் கொண்டு போயி விடணும். எல்லாம் மேலதான் இருந்துச்சு.

எட்டாவது வாரம் அவ பக்கம் அறுபதுக்கு மேல துளிர்த்து, சின்னச் சின்ன செம்பு நெற இலை விட்டுருச்சு. என் பக்கம் பதினாலு. தவுக்கே பாதையில நின்னு ரெண்டு பக்கமும் பார்த்தான். "ஈனி மாத்தி லா. புவாங் லா. செத்துப்போச்சு, தூக்கி வீசு. திங்கக்கிழமை வந்து பார்ப்பேன்"ன்னு என் வரிசையைக் காட்டிட்டு, சரளாவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினான். என் வீட்டுக்காரர் கூட, "சரளா இல்லாட்டி என் கதி என்னாவுறது"ன்னாரு. அதுவும் என்கிட்டயே! வீட்டுல! நான் வடிச்சுப் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டு!

அந்த ஞாயித்துக்கிழமை சரளா கோயில்ல அன்னதானச் சமையலுக்குப் போயிட்டா. நான் ரெண்டு பஸ் மாறி நர்சரிக்குப் போனேன். ஞாயிறு மூடியிருக்கும், சாவி இருக்கிற எடம் எனக்குத் தெரியும். மொட்டை வெயில். என் வரிசையில பார்வைக்கு ரொம்ப மோசமில்லாத முப்பது மொட்டைக் குச்சியைத் தூக்கி அவ வரிசையில வச்சேன். அவ வரிசையில நல்லா துளிர்த்த முப்பதைத் தூக்கி என் வரிசையில வச்சேன். மொத்தம் அறுபது பை, ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோவுக்குக் கொறையாது. என் வரிசையில எல்லாம் நுனி வெட்டுனது இல்லையா, வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு, அவகிட்டேருந்து எடுத்த முப்பதுக்கும் துளிருக்கு மேல இருந்த கறுத்த நுனியை அழகா வெட்டி விட்டேன். நல்ல மூளைன்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன். என் பக்கம் மிச்சம் இருந்த செத்த குச்சிங்களைக் குழியில கொட்டிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருக்கேன். கத்தி கையில. அப்படியே நின்னுட்டேன்.

அவ வரிசையில வச்ச என் முப்பது! அதெல்லாம் நான் நுனி வெட்டுனது. அவ ஒண்ணைக் கூட வெட்டல. வெட்டாததை வெட்டலாம், வெட்டுனதை எப்படி ஒட்டறது? கொழந்தை கூடப் பார்த்தாக் கண்டுபிடிச்சிரும். ஐயோ, ஐயோன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். என்னாச்சுன்னு அவரு ஓடி வந்தாரு. வெங்காயக் காரம்னு சொன்னேன்.

திங்கக்கிழமை காலையில மோட்டார்ல அவ முதுகுக்குப் பின்னாடி உக்காந்து போனேன் பாருங்க, தூக்குக்குப் போற மாதிரி. அவ நேரா வரிசைக்குப் போனா. நின்னா. நுனி வெட்டுன முப்பதையும் ஒரு பார்வை. என் பக்கம் ஒரு பார்வை. அப்புறம் என்னைப் பார்த்தா.

"நேத்து வந்தீங்களாக்கா?"

"இல்லையே. நான் எதுக்கு வாரேன்?"

"ம்." அவ்வளவுதான். குனிஞ்சு மண்ணைத் தொட்டுப் பார்க்க ஆரம்பிச்சுட்டா.

தவுக்கே வந்தான். என் பக்கம் பார்த்து, "வாஹ், புஷ்பா, பாகுஸ்!"ன்னான். பதினோரு வருஷத்துல அவன் வாயிலேருந்து நல்லா இருக்குன்னு எனக்கு விழுந்த மொத வார்த்தை. சரளா பக்கம் திரும்பி, "இதென்ன இவ்வளவு குச்சி? புவாங் லா"ன்னான். நான் மூச்சை அடக்கிக்கிட்டு நின்னேன். இப்ப சொல்லப் போறா, இப்ப என் மானம் போகப் போவுதுன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் தவுக்கே. வீச வேணாம்."

அதுக்கு அப்புறம் ஒரு மாசம், நான் பட்ட பாடு! திட்டியிருந்தா பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவ வழக்கம் போல மோட்டார்ல ஏத்திக்கிட்டுப் போனா, கொண்டாந்த கொய்யாவுல பாதி குடுத்தா. நான் அதை வீட்டுக்குக் கொண்டு போயி அவருக்குக் குடுத்துட்டேன். நல்லவ வேஷம் போடுறா, நேரம் பார்த்து ஊரைக் கூட்டிச் சொல்லப் போறான்னு நெனச்சேன். இன்னொரு பக்கம், வாயைத் தெறக்காம இருக்கவும் இவளுக்குத்தான் தெரியுது, எனக்குத் தெரியலயேன்னு அதுலயும் பொறாமை.

ரெண்டு வரிசையையும் சேர்த்து எண்பத்தி ரெண்டுதான் துளிர்த்திருந்துச்சு. நூறுக்கு இன்னும் பதினெட்டு. நாள் போகப் போக என் வீட்டுக்காரர் லோரியைக் கழுவறதுக்குப் பதிலா தடவிக் குடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

பதினோராவது வாரம் செவ்வாய்க்கிழமை, சரளா "அக்கா, இங்க வாங்க"ன்னு கூப்பிட்டா. போனேன். நுனி வெட்டுன குச்சி ஒண்ணு. ஒட்டுக்கு மேல, அரிசி அளவு. பக்கத்துல இன்னொண்ணு. அது என் கன்னு. நான் செத்துப்போச்சுன்னு முடிவு கட்டினது. நான் தண்ணியையும் பாஜாவையும் கொட்டாம, யாரும் தொடாம விட்டதும் அது தானா கண்ணு முழிச்சிருக்கு. அந்த வாரத்துக்குள்ள முப்பதுல இருபத்தி ரெண்டு துளிர் விட்டுச்சு. எண்பத்தி ரெண்டும் இருபத்தி ரெண்டும் நூத்தி நாலு.

நெனச்சுப் பாருங்க. அந்த முப்பதும் என் வரிசையிலயே இருந்திருந்தா, தவுக்கே சொன்ன அன்னிக்கே குழிக்குள்ள போயிருக்கும். நான் திருடினதாலதான் அதுங்க அவ கைக்குப் போயி பொழைச்சுது. என் வீட்டுக்காரர் வேலை தப்பிச்சது என் அயோக்கியத்தனத்துல.

மூணு மாசம் முடிஞ்ச நாள், தெறந்த லோரியில, மேல வலை போர்த்தி, நூத்தி நாலு கன்னும் தெலுக் இந்தானுக்குக் கெளம்பிச்சு. என் வீட்டுக்காரர் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுட்டுப் போனாரு. புதுசா கல்யாணம் ஆனப்ப கூட அவரு மூஞ்சி அப்படி இல்ல. நாங்க ரெண்டு பேரும் கொட்டாய் பக்கத்து ரப்பர் குழாயில கை கழுவிக்கிட்டு இருந்தோம். அதுக்கு மேல என்னால அடக்க முடியல.

"ஏன்டி சரளா, தவுக்கேகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னத்தக்கா?"

"நடிக்காத. நுனி."

அவ சிரிச்சா. "பார்த்ததும் தெரிஞ்சுதுக்கா. வெட்டுனதை ஒட்ட முடியுமா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? பெரிய மனசா? எனக்குப் பிச்சை போடுறியா?"

அவ குழாயை மூடல. தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. "நான் எந்த வாயோடக்கா சொல்றது? புனிதா கல்யாணத்துல ஒங்க சட்டி அழுகிப் போச்சே. அது ஒங்க கையால இல்ல. என் கையால. நீங்க தண்ணி ஊத்திட்டுப் போன பெறகு, நெதமும் நான் ஒரு செம்பு ஊத்தினேன்."

எனக்கு மொதல்ல விளங்கல. விளங்கினதும், கையில இருந்த ரப்பர் குழாயை அப்படியே அவமேல திருப்பிட்டேன். தலையிலேருந்து கால் வரைக்கும். "என் பொண்ணு கல்யாணம்டி! சம்பந்தி முன்னாடி நான் சட்டியை மறைச்சுக்கிட்டு நின்னேன்டி! நாசமாப் போறவளே!" அவ நகரல. கண்ணை மூடிக்கிட்டு, ஊத்து ஊத்துன்னு நின்னா. நானே கையை எறக்கினேன்.

"ஏன்டி?"

மூஞ்சித் தண்ணியை வழிச்சுக்கிட்டே சொன்னா. "ஷர்வின் சிங்கப்பூர்லயே ரெஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போட்டோ அனுப்புனான்லக்கா. பெத்தவளுக்குப் போட்டோ. நான் யாருக்குப் பாலிகை வைக்கறது? நீங்க பட்டுப்புடவை கட்டிக்கிட்டு அப்படியே அம்மாவா நடந்து வந்தீங்க. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. எனக்கு எப்பவுமே எரியும்க்கா. நீங்க நெனச்சதைச் சத்தம் போட்டுச் சொல்லுவீங்க, அழணும்னா அழுவீங்க, மாமா ஒங்க பின்னாடியே சுத்துவாரு. எனக்குக் கறிவேப்பிலை மட்டும்தான் வருது."

சத்தியமாச் சொல்றேன். ஷர்வின் விஷயத்துக்கு நான் அழுதிருக்கணும். பாலிகைக்கு நான் அவ முடியைப் பிடிச்சு உலுக்கியிருக்கணும். எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? சந்தோஷம்! வயித்துல பாலை வார்த்த மாதிரி. என்மேல! சரளாவுக்கு என்மேல பொறாமை!

"என்மேலயாடி?"

"ஆமாக்கா."

"எப்பலேருந்து?"

"வந்த நாள்லேருந்து."

"இன்னொரு தடவை சொல்லு."

"போங்கக்கா"ன்னு மூக்கை உறிஞ்சினா. அப்பத்தான் எனக்கு அழுகை வந்துச்சு. என் சேலைத் தலைப்பால அவ தலையைத் தொவட்டி விட்டேன். கொஞ்சம் அழுத்தியே தொவட்டினேன், சட்டி நெனப்பு போவல.

இதுதான் சரளா. இதுல எதை அந்தத் தாள்ல எழுதறது? பொறந்த எடம், வேலை எல்லாம் எழுதிட்டேன். வாழ்க்கைன்னு இருந்த எடத்துல, ஒறைஞ்சு போன டுரியான் கன்னுகளைப் பொறுமையாகக் காப்பாத்தினவர்னு ரெண்டு வரி. நற்குணத்துல வந்து நின்னுட்டேன். மூணு நாள் யோசிச்சேன். கடைசியில நல்ல எழுத்துத் தமிழ்ல, 'யார் மீதும் பொறாமை கொள்ளாதவர்' அப்படின்னு எழுதினேன்.

இன்னிக்குக் காலையில மோட்டார்ல ஏறறதுக்கு முன்னாடி அவகிட்ட தாளைக் காட்டினேன். நின்னுக்கிட்டே படிச்சா. ஹெல்மெட்டுக்குள்ள மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு.

"எழுதினது யாருன்னு கீழ பேரு போடுவாங்களாக்கா?"

"போடுவாங்க. திருமதி புஷ்பலதா சதாசிவம்."

"அப்ப சாமி ரெண்டு பேரு கண்ணையும் சேர்த்துக் குத்தட்டும்"னு சொல்லிட்டு வண்டியை முறுக்கினா.

நான் ஏறி உக்காந்தேன். பதினோரு வருஷத்துல மொத தடவையா பின்னாடி கம்பியைப் பிடிக்காம அவ தோளைப் பிடிச்சுக்கிட்டேன். பொன்னாடை இந்தத் தோளுக்குத்தான் போகப் போவுதுன்னு நெனச்சப்ப, வயிறு கொஞ்சம் எரியத்தான் செஞ்சுது.